காய்ந்த துணியால் துடைக்காதீர்கள்

காலையில் வேலைக்குப் புறப்படும்போது நம்மில் பலர் செய்கின்ற ஒரு காரியம் உண்டு. ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் பழந்துணியை எடுத்து, இரவு முழுவதும் படிந்த தூசியை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு தடவை துடைத்துவிடுவோம். ஓட்டோ வைத்திருக்கும் சகோதரிகளும் அப்படித்தான். பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவது போல அதைச் செய்வோம். வாகனத்தை நன்றாக வைத்திருக்கிறோம் என்ற திருப்தியும் அதில் கிடைக்கும். ஆனால் பெயின்றின் மினுக்கத்தைக் கெடுப்பதில் இந்தத் துடைப்புக்குத்தான் முதலிடம்.

இதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். 2012இல் கிளிநொச்சியில் முதல் ஸ்கூட்டி வாங்கினேன். கறுப்பு நிறம். ஐந்து வருடங்கள் ஒரு நாள் தவறாமல் துடைத்தேன். 2017இல் அம்மாவின் சிகிச்சைச் செலவுக்காக அதை விற்க வேண்டி வந்தது. வாங்க வந்த தம்பி வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு உருட்டிச் சென்று, குனிந்து ஒரு பக்கமாகப் பார்த்தார். "அக்கா, எஞ்சின் நல்லா இருக்கு. ஆனா பெயின்ற் செத்துப்போச்சு" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக ஆயிரம் மெல்லிய கீறல்கள். கேட்ட விலையில் 25 ஆயிரம் ரூபாவைக் குறைத்துத்தான் வாங்கினார். எஞ்சினை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. கவனித்ததெல்லாம் பெயின்றைத்தான்.

வாகனம் என்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. காணிக்கு உறுதி இல்லை, நகை அடைவில் இருக்கிறது, வீடு இன்னும் அரைகுறை என்ற நிலையில், தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணொருத்தியின் பெயரில் உள்ள ஒரே சொத்து சில வேளைகளில் அந்த வாகனப் புத்தகம்தான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் இடம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை, அவை புதிதாக வாங்கப்பட்ட விலையையும் தாண்டிப் போனதைக் கண்டோம். லீசிங் கட்டி முடித்த ஓர் ஓட்டோ, அவசரத்துக்கு விற்கக்கூடிய நகை மாதிரி. அதன் மதிப்பில் பாதி எஞ்சினில் என்றால், மீதி கண்ணுக்குத் தெரிகின்ற உடம்பில்.

அந்த உடம்பின் மேலுள்ள தோல் எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்தால் கை தானாகவே மெதுவாகும். இன்றைய கார்களில் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூட. மேலே உள்ள கிளியர் கோட் மட்டும் எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பளவு கூட வராது. மினுக்கம் முழுவதும் அந்தப் படையில்தான் உள்ளது. சில ஓட்டோக்களிலும் பழைய வாகனங்களிலும் அந்தப் படை இல்லாமல் நிறப்பூச்சே மேலே இருக்கும். உங்கள் வாகனம் எப்படி என்று அறிய, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் இல்லை.

இனித் தூசிக்கு வருவோம். வன்னியின் கிரவல் வீதிகளில் பறக்கின்ற சிவப்புத் தூசி வெறும் மாவு அல்ல. அதற்குள் பொடிமணல் இருக்கிறது. மணலின் படிகம் கண்ணாடியையே கீறக்கூடியது. பெயின்ற் அதற்கு எந்த மூலை? காய்ந்த தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போது அந்த மணலைக் கொண்டே பெயின்றைத் தேய்க்கிறோம். தூசி படிந்திருப்பதால் வாகனத்துக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

கழுவுகின்ற விதம்

வாரத்துக்கு ஒரு தடவை, காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். ஓடி வந்த சூட்டோடு கழுவக் கூடாது. தகரத்தில் கை வைத்தால் குளிர்மை தெரிய வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றி, மணலைத் தானாகவே வழிந்து போகவிட வேண்டும். இந்த முதற் தண்ணீரில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். பின்னால் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். ஸ்கூட்டிக்கு ஒரு வாளி, ஓட்டோவுக்கு இரண்டு மூன்று வாளி இதற்கே போகட்டும்.

அதன்பின் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் நீரில் நன்றாக அலசிய பின்பே திரும்பச் சவர்க்கார நீரில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியென்றால், வாகனத்திலிருந்து எடுத்த மணலையே திரும்பவும் வாகனத்தில் பூசுகிறோம். கழுவி முடிந்ததும் வெறும் நீர் வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று படும். அது இரண்டாவது தடவை உங்கள் பெயின்றில் தேய்படாமல் தப்பிய மணல்.

துணி எதுவென்பதும் முக்கியம். தும்பு, பாத்திரம் தேய்க்கின்ற பச்சை நிறத் தேய்ப்பான், தடித்த சாக்கு இவை எதுவும் பெயின்றில் படக் கூடாது. கடைகளில் மைக்றோபைபர் துணி கிடைக்கின்றது. வாங்க முடியுமானால் இரண்டு வாங்குங்கள். இல்லையென்றால் பலமுறை தோய்த்து மிருதுவான பழைய பெனியன் அல்லது பருத்திச் சேலைத் துண்டு போதும். பொத்தானோ சிப்போ தடித்த தையலோ அதில் இருக்கக் கூடாது. துணி நிலத்தில் விழுந்தால் அந்தத் துணிக்கு அன்றைய வேலை முடிந்தது. ரயருக்கும் மட்காட்டின் உட்புறத்துக்கும் வேறு துணி. அவற்றைக் கடைசியாகக் கழுவுங்கள்.

சவர்க்காரம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் உடுப்புத் தோய்க்கின்ற சலவைத்தூள்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. சலவைத்தூளில் உள்ள சோடா, பெயின்றின் மேலுள்ள மெழுகை உரித்து எடுத்துவிடும். சரியாகக் கரையாத தூள் கீறவும் செய்யும். பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகைக் கழற்றிவிடும். வாகன ஷாம்பூ சிறிய போத்தலில் வாங்கினால் நீண்ட நாள் வரும். ஒரு வாளிக்கு ஒரு மூடியளவு போதும். அதுவும் முடியாதென்றால் தலைக்கு வைக்கின்ற ஷாம்பூப் பைக்கற் ஒன்றை வாளித் தண்ணீரில் கரையுங்கள். அது மிகச் சிறந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சலவைத்தூளை விட எவ்வளவோ மேல்.

கழுவும் இடமும் ஒரு விடயம். கிணற்றுக் கட்டோடு சேர்த்து நிறுத்திக் கழுவாதீர்கள். கையால் அள்ளி ஊற்ற வசதி என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் ஒயிலும் சவர்க்காரமும் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது விரைவில் கீழே நிலத்தடி நீருக்குப் போய்விடும். சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். நாலு வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போவது பெரிய கஷ்டமல்ல.

தண்ணீரே கறையாகும்போது

சுண்ணாம்புக் கல் நிலத்தின் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. தேநீர்க் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகின்றதே, அதே சுண்ணாம்பு வாகனத்திலும் படியும். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப் போகும். கறுப்பு, சிவப்பு, கடும் நீல வாகனங்களில் இது அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். ஆகவே கழுவியவுடன் இன்னொரு சுத்தமான துணியை ஈரத்தின் மேல் விரித்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், பிள்ளையின் தலையைத் துவட்டுவது போல ஒற்றினால் போதும். மாரி காலத்தில் பீலியிலிருந்து மழைநீர் பிடித்து வைப்பவர்கள், கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதில் சுண்ணாம்பு இல்லை.

முன்பே படிந்த வட்டங்களுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் தோய்த்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்து, உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். தேசிக்காயை வெட்டி நேரடியாகத் தேய்க்கின்ற பழக்கம் வேண்டாம். பெயின்ற் உரிந்த இடத்தில் அந்தப் புளி பட்டால் தகரத்தில் கறள் தொடங்க அதுவே போதும்.

கறள்

இதுவரை சொன்னது மினுக்கம். கறள் என்பது வேறு. மினுக்கம் போனால் விலை குறையும், கறள் பிடித்தால் வாகனமே போய்விடும்.

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கறள். உப்பும் சேர்ந்தால் அது ஓடிவரும். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வடமராட்சிக் கரையிலும் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கூரைத் தகரமும் கதவுக் கொண்டியும் சொல்லும். கரையோரத்தில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை கழுவுவதோடு, இடையில் ஒரு நாள் வெறும் தண்ணீரால் வாகனத்தின் அடிப்பகுதியை மட்டுமாவது கழுவுவது நல்லது. சோளகமும் வாடையும் பலமாக வீசும் நாட்களில் கடல் பக்கம் போய் வந்தால் அன்றே கழுவிவிடுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் பெட்டி ஏற்றுகின்ற ஓர் அக்காவின் ஓட்டோவைப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் நேற்று வாங்கியது போல இருக்கும். பின்னால் காலடியில் விரித்திருந்த றப்பர் விரிப்பை அவர் தூக்கியபோது கீழே தகரம் இல்லை, நிலம் தெரிந்தது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் விரிப்புக்கு அடியில் தேங்கி, மாதக் கணக்கில் வேலை செய்திருக்கின்றன. உர மூட்டை ஏற்றுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சிந்திய உரம் ஈரத்தை இழுத்து வைத்திருந்து உப்பைப் போலவே இரும்பைத் தின்னும். ஏற்றி இறக்கிய அன்றே விரிப்பைத் தூக்கி, கழுவி, தகரம் முற்றாகக் காய்ந்த பின்பே திரும்ப விரியுங்கள். பெட்டிக்குக் கீழே ஓரம் மடித்த தடித்த பொலித்தீன் ஒன்று விரித்தால் தண்ணீர் தகரத்துக்கு வராது.

மட்காட்டின் உட்புறம் இன்னொரு மறைவிடம். வயற்கரைச் சேறு அங்கே அப்பிக் காய்ந்திருக்கும். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்தச் சேற்றை விரலால் வழித்து எடுத்துக் கழுவ வேண்டும். ஸ்கூட்டியில் எது இரும்பு, எது பிளாஸ்ரிக் என்று தெரியவில்லையென்றால், பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டுகின்ற இடமெல்லாம் கறள் வரக்கூடிய இடம்.

கல் பட்டுப் பெயின்ற் தெறித்த சிறு புள்ளிகளை அலட்சியம் செய்யாதீர்கள். அரிசியளவு புள்ளி ஒரு மாரிக்குப் பிறகு ஒரு ரூபாக் குற்றியளவாகும். அதைச் சுற்றியுள்ள பெயின்றும் கொப்பளித்து எழும்பும். மெல்லிய சாண்ட்பேப்பர் துண்டால் கறளை மட்டும் சுரண்டி, துடைத்துக் காயவிட்டு, பிறைமர் ஒரு பொட்டும், அது காய்ந்த பின் நிறம் மெல்லியதாக இரண்டு பொட்டும் வையுங்கள். தடிப்பாக ஒரேயடியாக வைத்தால் வழியும். உடனே பெயின்ற் கிடைக்காவிட்டால், நிறமற்ற நகப்பூச்சை அந்த இடத்தில் ஒரு துளி வைத்தால் ஈரம் போகாமல் சில வாரங்கள் காக்கும். சிரிக்க வேண்டாம், என் வண்டியில் இப்போதும் இரண்டு இடத்தில் அதுதான் இருக்கிறது.

காகமும் பிசினும் சந்தனமும்

வேப்ப மரத்தின் கீழ் நிறுத்தினால் நிழல் கிடைக்கும், காக எச்சமும் கிடைக்கும். எச்சத்தில் அமிலம் உண்டு. வெயில் சூட்டில் இளகிய பெயின்ற், மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகி, அழியாத வடுவாகிவிடும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவைத்து எடுங்கள். சுரண்ட வேண்டாம். வேப்பம் பிசின் தண்ணீரில் ஊறும், ஆகவே இளஞ்சூட்டு நீர் போதும். பலாப்பாலுக்கு என்ன செய்வதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கைக்குப் பூசுகின்ற அதே தேங்காய் எண்ணெய்தான். தார் ஒட்டினாலும் அதே எண்ணெயைப் பூசிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, பின்னர் சவர்க்கார நீரால் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய் போட்டு முழு வாகனத்தையும் துடைத்தால் மினுங்கும் என்று சிலர் சொல்வார்கள். மினுங்கும்தான், அன்று பின்னேரம் வரை. பிறகு அந்தப் பிசுபிசுப்பில் தூசி இரட்டிப்பாக ஒட்டும். றப்பரும் பழுதாகும்.

வாணி விழாவுக்கோ கோயிலில் வாகனப் பூசைக்கோ வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் வாரக் கணக்கில் அப்படியே விட்டுவிடுவது எங்கள் வழக்கம். கழுவினால் குற்றம் என்ற பயம். குங்குமம் வெளிர் நிறங்களில் கறையாக இறங்கிவிடும். அடுத்த நாள் கழுவிவிடுங்கள். பயமென்றால் பொட்டை நம்பர் தகட்டுக்கு மேலே கண்ணாடியில் வையுங்கள்.

மெழுகு

கழுவிக் காய்ந்த பெயின்றுக்குப் பாதுகாப்பு மெழுகு. வாகன மெழுகில் பேர்போனது கார்நௌபா என்பது. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளர்கின்ற ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுகின்றது. கடும் வெயிலில் ஓலையின் ஈரம் வற்றாமல் இருப்பதற்காக அந்தப் பனை தானே தன்மேல் பூசிக்கொள்கின்ற மெழுகு அது. பனையோடு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

கடையில் வாங்கும்போது கவனம். எல்லாவற்றையும் 'பொலிஷ்' என்றுதான் தருவார்கள். பொலிஷ், கொம்பவுண்ட் என்பவை பெயின்றை மெல்லிதாகத் தேய்த்து எடுப்பவை. அவற்றால் கீறல் மறைவது, கீறலைச் சுற்றியுள்ள பெயின்றையும் கீறலின் ஆழத்துக்கு இறக்குவதால்தான். மாதா மாதம் செய்தால் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பற்பசை போட்டுத் தேய்ப்பதும் அந்த வகைதான். 'வக்ஸ்' என்று எழுதியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தேய்க்கும் பொருளும் கலந்திருக்கிறதா என்று லேபிளையும் பாருங்கள்.

பூசுவது இலகு. நிழலில், குளிர்ந்த பெயின்றில், ஒரு சாணளவு இடமாக, மெல்லிய படையாகப் பூசி, அது வெண்மையாக மங்கிய பின் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதிகம் பூசினால் அதிகம் மினுங்காது, துடைக்கக் கை நோவதுதான் மிச்சம். எங்கள் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூசலாம். தண்ணீர் ஊற்றும்போது துளித்துளியாக உருண்டு ஓடினால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரந்து நின்றால் போய்விட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மெழுகோ பொலிஷோ இருக்கையிலும் கால் வைக்கும் தட்டிலும் ரயரிலும் பிறேக் தட்டிலும் படக் கூடாது. வழுக்கும். பிறேக் பிடிக்காது. கழுவி முடிந்ததும் வீதிக்கு ஏறுமுன் வளவுக்குள்ளேயே இரண்டு தடவை பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள். ஈரமான பிறேக் முதல் தடவை ஏமாற்றும்.

இரவில் மூடி வைப்பதற்குப் பலரும் தறப்பாளைத்தான் பாவிக்கிறார்கள். நிவாரணமாகக் கிடைத்த தறப்பாள் இன்னும் எத்தனையோ வீடுகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் அந்தத் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். பகலில் அவிக்கும், விடியப்புறம் உட்பக்கம் வேர்த்து நம்மேலேயே சொட்டும். வாகனத்துக்கும் அதைத்தான் செய்யும். காற்றுக்கு அடிபட்டுப் பெயின்றையும் உரசும். நாலு கப்பு நட்டு, மேலே கிடுகு வேய்ந்து, பக்கங்களைத் திறந்துவிட்ட ஒரு கொட்டில் எவ்வளவோ நல்லது. தறப்பாள்தான் உண்டென்றால் அதைக் கூரையாகக் கட்டுங்கள், போர்வையாக மூடாதீர்கள்.

மெழுகு பூசுவதற்குப் புரட்டாதி நல்ல காலம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு படை இருக்க வேண்டும். மாரி முடிந்து தை பிறந்ததும் விரிப்புகளைத் தூக்கி, மட்காட்டுச் சேற்றை வழித்து, அடிப்பகுதி முழுவதையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். சாய்ந்து படுக்க ஒரு சாக்கும், ஒரு ரோச் லைற்றும், பக்கத்தில் நின்று பிடிக்க ஒரு பிள்ளையும் போதும்.